நியூயார்க் கூட்டுறவுக் குடியிருப்பும் அதன் விலையும்

நியூயார்க் நகரில் விற்பனைக்கு வரும் ஒரு சிறிய கூட்டுறவுக் குடியிருப்பைப் பணம் கொடுத்து வாங்குபவர், சட்டத்தின் பார்வையில், மனையையோ கட்டடத்தையோ வாங்குவதில்லை. கட்டடம் முழுவதும், பெரும்பாலும் அதன் அடிமனையும், ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றன. அந்த நிறுவனத்தின் பங்குகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையை வாங்குபவருக்கு, அப்பங்குகளோடு பிரிக்க முடியாதபடி இணைந்த நீண்டகாலக் குத்தகை ஒன்று கிடைக்கிறது. உரிமைக் குத்தகை எனப்படும் அந்த ஆவணமே இன்ன மாடியில் இன்ன எண்ணுள்ள வீட்டில் குடியிருக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. சென்னையில் அடுக்ககம் வாங்குபவர் நிலத்தில் பிரிபடாத பங்கு எவ்வளவு என்று முதலில் கேட்பார்; நியூயார்க் கூட்டுறவில் அப்படி ஒரு பங்கு தனிநபர் எவர் பெயரிலும் எழுதப்படுவதில்லை. தூட்ஸ் ஷோர் என்ற பேர்பெற்ற உணவக உரிமையாளரின் குடியிருப்பை முன்னிட்டு மாநில வரித்துறைக்கும் பிற கடன்காரர்களுக்கும் இடையே எழுந்த வழக்கில், இத்தகைய பங்குகள் அசையாச் சொத்து அல்ல, அசையும் சொத்தே என்று நியூயார்க் மாநிலத்தின் உச்சமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது.

ஆகவே இத்தகைய குடியிருப்பின் மதிப்பைக் கணிப்பது, அறையின் நீள அகலத்தையும் சன்னலின் திசையையும் பார்த்து முடியும் வேலை அன்று. பங்குக்குப் பின்னால் நிற்கும் நிறுவனத்தின் கடன், கையிருப்பு, நிலுவை, நிர்வாகக் குழுவின் போக்கு ஆகியவை விலையில் பாதியை எழுதுகின்றன எனலாம். இன்று ஒரு மதிப்பீட்டாளர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில், அக்கேள்வியைக் கேட்காமல் பணம் போட்டவர்கள் இழந்த இழப்பிலிருந்து பிறந்தவை. அந்தக் கேள்விகளின் வரிசையே ஏறத்தாழ இந்தக் குடியிருப்பு முறையின் வரலாறாகவும் இருக்கிறது.

முறையைத் தொடங்கிவைத்தவர் பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஹியூபர்ட். பலர் ஒரே கூரையின் கீழ் வாழ்வது ஏழைகளின் நெருக்கடிக் குடியிருப்புகளுக்கே உரியது என்று நடுத்தர வகுப்பினர் முகம்சுளித்த 1880களில், நண்பர் குழு ஒன்று சேர்ந்து மனை வாங்கிக் கட்டடம் எழுப்பி, ஆளுக்கொரு வீட்டைக் குத்தகையாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அவர் ‘இல்லக் கழகம்’ என்ற மதிப்பான பெயரில் முன்வைத்தார். 1881இல் மேற்கு 57ஆம் தெருவில் எழுந்த ரெம்பிராண்ட் கட்டடம் இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. கட்டடத்தின் ஒரு பகுதியைக் கழகத்தில் சேராதவர்களுக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருவாயால் உறுப்பினர்களின் மாதச் செலவைக் குறைப்பது ஹியூபர்ட்டின் உத்தி. தரைத்தளக் கடைகளின் வாடகை எவ்வளவு, அது யாருக்குப் போகிறது என்று இன்றைய மதிப்பீட்டாளர்கள் விசாரிப்பதன் வேர் இங்கே இருக்கிறது. எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும் தங்கிப் புகழ்பெற்ற செல்சி ஹோட்டல்கூட 1884இல் ஹியூபர்ட்டின் நிறுவனம் கட்டி முடித்த கூட்டுறவுக் குடியிருப்புதான். கூட்டுறவு நொடித்த பிறகே, 1905இல், அது விடுதியாயிற்று.

முதல் பெரிய பாடத்தைக் கற்பித்தது சென்ட்ரல் பார்க்கின் தெற்கு ஓரத்தில் ஹோசே டி நவாரோ என்ற தொழிலதிபர் எழுப்பிய எட்டுக் கட்டடத் தொகுதி. மாட்ரிட், கிரனாடா, லிஸ்பன் என்று ஐபீரிய நகரங்களின் பெயர்களைத் தாங்கி நின்ற அந்த மாளிகைகள் வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் அற்றவை. ஆனால் கட்டுமானச் செலவு கணக்கை மீறியது; கட்டடத்தின் பேரில் வாங்கப்பட்ட அடமானக் கடன், வீடு வாங்கியவர்களின் பங்குரிமைக்கு முந்திய இடத்தில் இருந்தது; கடன் தவறியபோது 1880களின் இறுதியில் அடமானக்காரர்கள் சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவர, முன்பணம் கொடுத்திருந்தவர்களின் உரிமை காற்றில் போயிற்று. கட்டடத்தின் மீதுள்ள இந்தப் பொதுக் கடனை நியூயார்க்கில் ‘அடிநிலை அடமானம்’ என்பார்கள். தனிப் பங்குதாரர் தன் வீட்டுக்காக வங்கியில் வாங்கும் கடன் வேறு. நிறுவனம் முழுக் கட்டடத்தையும் ஈடுவைத்து வாங்கியிருக்கும் இந்தக் கடன் வேறு. முன்னதை வாங்குபவர் தெரிந்தே சுமக்கிறார். பின்னதைப் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அறிகிறார்கள். உயரமான குடியிருப்புகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றும் 1885இல் வந்து சேரவே, கூட்டுறவு ஆர்வம் சில ஆண்டுகளுக்கு அடங்கிப்போனது.

முதல் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சமும், 1920இல் வந்த வாடகைக் கட்டுப்பாடும் சேர்ந்து அந்த ஆர்வத்தை மீண்டும் எழுப்பின. வாடகையை ஏற்ற முடியாத உரிமையாளருக்குக் கட்டடத்தைப் பங்குகளாக்கி விற்றுவிடுவது லாபமாகத் தோன்றியது. ஒருபுறம் ரோசாரியோ கண்டேலா போன்ற கட்டடக் கலைஞர்கள் பார்க் அவென்யூவிலும் ஃபிஃப்த் அவென்யூவிலும் பன்னிரண்டு, பதினைந்து அறைகள் கொண்ட மாளிகை வீடுகளை வரைந்தனர். மறுபுறம் குயின்ஸ் பகுதியின் ஜாக்சன் ஹைட்ஸில் குயின்ஸ்பரோ நிறுவனம் நடுத்தர வகுப்புக்கான தோட்டக் குடியிருப்புகளைப் பங்குமுறையில் விற்றது. யூதர்களும் கறுப்பினத்தவரும் வாங்க இயலாதபடி அங்கே கதவு அடைக்கப்பட்டிருந்தது. ‘தேர்ந்தெடுத்த அண்டை வீட்டார்’ என்பதே அன்றைய விலையின் ஒரு கூறாக வெளிப்படையாக விற்கப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே ஜாக்சன் ஹைட்ஸ் இன்று நகரின் தெற்காசியக் கடைவீதியாக இருக்கிறது.

1929இன் பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பின் நடந்தது கூட்டுறவு முறையின் உள்ளமைப்பையே அம்பலப்படுத்தியது. கட்டடத்தின் வரி, வட்டி, நிலக்கரி, பணியாளர் சம்பளம் ஆகியவற்றைப் பங்குகளின் எண்ணிக்கைப்படி பிரித்து மாதந்தோறும் வசூலிப்பதே பராமரிப்புக் கட்டணம். நூறு வீடுகளில் பத்து வீட்டார் கட்டணத்தை நிறுத்திவிட்டால், வட்டிக்காரர் அதற்காகக் கணக்கைக் குறைத்துக்கொள்ள மாட்டார். மீதித் தொண்ணூறு வீட்டார் அந்தப் பளுவை ஏற்க வேண்டும். ஏலச்சீட்டில் எடுத்தவர் தவணை கட்டாமல் நழுவும்போது மற்றவர் தலையில் விழுவதைப் போன்றதே இது. கட்டணம் ஏற ஏற, தாக்குப்பிடித்தவர்களும் பங்கை விட்டெறிந்து வெளியேறினார்கள். அவர்கள் வெளியேறியதால் எஞ்சியவர்களுக்குக் கட்டணம் மேலும் ஏறியது. 1930களின் நடுவில் நகரின் மிடுக்கான கூட்டுறவுகளில் பெரும்பாலானவை வங்கிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் போய்ச் சாதாரண வாடகைக் கட்டடங்களாகின. 1930இல் திறக்கப்பட்ட 740 பார்க் அவென்யூவும், நகரின் மிகப் பெரிய செல்வர்கள் வாழ்ந்த முகவரியாக இருந்தும், வாடகைக் கட்டடமாகிப் பின்னாளில்தான் மீண்டும் கூட்டுறவாயிற்று.

இந்த நினைவு நிர்வாகக் குழுக்களின் நடத்தையில் இன்றுவரை தங்கியிருக்கிறது. வாங்க வருபவரின் வருமானத்தில் எத்தனை விழுக்காடு வீட்டுச் செலவுக்குப் போகும், விலை கொடுத்த பிறகும் கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் மிஞ்சும், விலையில் எத்தனை விழுக்காட்டை மட்டுமே வங்கிக் கடனாக வாங்கலாம் என்றெல்லாம் குழுக்கள் விதிக்கும் வரம்புகள், அடுத்த வீட்டுக்காரர் நொடித்தால் அவர் கடன் தம் தலையில் வரும் என்ற அச்சத்தின் எழுத்து வடிவமே. அச்சம் நியாயமானது. ஆனால் அதே அதிகாரம் விருப்பு வெறுப்புகளுக்கும் திரையாயிற்று. சட்டம் தடை செய்யும் பாகுபாடு தவிர, வேறு எந்தக் காரணத்துக்காகவும், காரணமே சொல்லாமலும் ஒரு குழு வாங்குபவரை மறுக்கலாம் என்று 1959இல் 791 பார்க் அவென்யூ தொடர்பான வழக்கில் மாநில உச்சமன்றம் ஒப்புக்கொண்டது. பதவி இழந்த குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன் 1979இல் மன்ஹாட்டனில் கூட்டுறவுக் குடியிருப்பு தேடியபோது அண்டை வீட்டாரின் எதிர்ப்பைச் சந்தித்து, கடைசியில் தனி வீடு ஒன்றை வாங்கினார். இதில் விலை சார்ந்த விளைவு ஒன்று உண்டு. குழுவின் ஒப்புதல் கடினமாக இருக்கும் கட்டடத்தில் வாங்கக்கூடியோர் தொகை குறைகிறது; அதனால், மற்றெல்லாம் சமமாக இருந்தால், அதே அளவுள்ள வீடு அங்கே மலிவாகப் போகிறது. 1964இல் நியூயார்க் மாநிலம் காண்டோமினியம் சட்டத்தை இயற்றி, தனி வீட்டைத் தனிப் பத்திரத்தோடு விற்கும் வழியைத் திறந்த பின், ஒரே தெருவில் ஒரே அளவுள்ள காண்டோ கூட்டுறவு வீட்டைவிட அதிக விலைக்குப் போவது நகரின் நிலையான வழக்கமாகிவிட்டது.

செல்வர்களின் கூட்டுறவுகள் சரிந்த அதே பத்தாண்டுகளில் தொழிலாளர் கூட்டுறவுகள் வேறொரு மதிப்புக் கொள்கையை நிலைநாட்டின. புரூக்ளினின் சன்செட் பார்க்கில் 1916இல் பின்லாந்துக் குடியேறிகளான 16 குடும்பத்தினர் ‘அல்கு’ என்ற கட்டடத்தை எழுப்பினர். லாப நோக்கமற்ற கூட்டுறவுக் குடியிருப்பு அமெரிக்காவில் அதிலிருந்து தொடங்குகிறது. 1926இல் லாபத்துக்கு உச்சவரம்பு விதித்து வரிச்சலுகை தரும் மாநிலச் சட்டம் வந்ததும், ஆடைத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஆபிரகாம் கசான் பிராங்ஸில் அமல்கமேட்டட் குடியிருப்பைத் தொடங்கினார். அங்கே ஓர் அறைக்கு 500 டாலர் முன்தொகை, மாதம் அறைக்குச் சராசரி 11 டாலர் கட்டணம். வெளியேறுபவர் தாம் போட்ட தொகையைத் திரும்பப் பெறுவார். ஏறிய விலை என்று ஒன்று அங்கே கிடையாது. அண்டையில் இடதுசாரித் தொழிலாளர் கட்டிய மற்றொரு குடியிருப்பு, கட்டணத்தை உயர்த்த உறுப்பினர்கள் உடன்படாததால் 1943இல் கட்டடத்தையே இழந்தது; கறாராகக் கணக்குப் பார்த்த கசானின் குடியிருப்பு இன்றும் நிற்கிறது.

கசான் தலைமையில் எழுந்தவற்றில் மிகப் பெரியது 15,372 வீடுகள் கொண்ட கோ-ஆப் சிட்டி. கட்டுமானச் செலவும் வட்டியும் எதிர்பாராத அளவு ஏறி, மாதக் கட்டணம் திரும்பத் திரும்ப உயர்த்தப்பட்டபோது, அங்கே குடியிருந்தவர்கள் 1975–76இல் கட்டணம் செலுத்த மறுத்துப் போராடினார்கள். விற்பனை விலையைச் சட்டம் கட்டிப்போடலாம். மாதச் செலவைக் கட்டிப்போட முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை.

இந்த மரபின் கட்டடங்கள் பல இன்று பிரிந்து நிற்கின்றன. ஆடைத் தொழிலாளரின் மற்றொரு சங்கத்தின் ஆதரவில் 1962இல் திறக்கப்பட்ட பென் சவுத் குடியிருப்பின் பங்குதாரர்கள், நகரின் வரிச்சலுகையை ஏற்று விலை வரம்புக்குள்ளேயே தொடரப் பலமுறை வாக்களித்தார்கள். கிராண்ட் தெருவை ஒட்டிய ஈஸ்ட் ரிவர், சிவார்ட் பார்க் குடியிருப்புகள் 1990களின் பிற்பகுதியை ஒட்டிச் சந்தை விலைக்கு மாறின. ஒரே கொள்கையில், ஒரே தலைமுறையில் கட்டப்பட்ட இரு சிறு வீடுகளின் விலை இன்று பல மடங்கு வேறுபடுகிறது. செங்கல்லில் அந்த வேறுபாடு இல்லை.

விலை வரம்புள்ள இன்னொரு வகை 1970களின் நெருக்கடியில் பிறந்தது. வரி கட்டாமல் உரிமையாளர்கள் கைவிட்ட கட்டடங்களை நகராட்சி ஆயிரக்கணக்கில் கையகப்படுத்தியது. 1978இல் தொடங்கிய திட்டத்தின்படி, அவற்றைத் தாங்களே நடத்திக் காட்டிய குடித்தனக்காரர்களுக்கு வீடு ஒன்றுக்கு 250 டாலருக்கு விற்றது. எச்.டி.எஃப்.சி. என்ற சுருக்கெழுத்தால் அறியப்படும் இக்கட்டடங்களில் வாங்குபவரின் வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. மறுவிற்பனை லாபத்தில் கணிசமான பகுதி பல இடங்களில் கட்டட நிறுவனத்துக்குப் போகிறது. ஹார்லெமிலோ லோயர் ஈஸ்ட் சைடிலோ ஒரு சிறு வீடு நம்ப முடியாத மலிவில் விளம்பரமாகும்போது, முதலில் ஐயப்பட வேண்டியது இந்த நான்கு எழுத்துகளைத்தான். வருமானம் குறைவாகவும் கையில் ரொக்கம் அதிகமாகவும் உள்ளவருக்கே அங்கே வாங்க இயலும் என்பது ஒரு வேடிக்கை. பெற்றோர் பணத்தில் வாங்கும் இளைஞர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

சந்தைக் கூட்டுறவின் மறுபிறப்புக்கு வழி செய்தவை இரண்டு சட்ட மாற்றங்கள். 1942இல் நாட்டின் வருமான வரிச் சட்டம், கட்டட நிறுவனம் செலுத்தும் அடமான வட்டியிலும் சொத்து வரியிலும் தம் பங்குக்கு உரிய பகுதியைத் தனி வீட்டுக்காரரைப் போலவே பங்குதாரரும் கழித்துக்கொள்ள இடம் கொடுத்தது. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலம், கூட்டுறவுப் பங்குகளை ஈடாக வைத்துக் கடன் தரச் சேமிப்பு வங்கிகளை அனுமதித்தது. அதுவரை முழுத் தொகையையும் ரொக்கமாக வைத்திருந்தவர்களுக்கே உரியதாக இருந்த சந்தை, மாதச் சம்பளக்காரருக்கும் திறந்தது. வாடகைக் கட்டுப்பாட்டில் சலித்த உரிமையாளர்கள் கட்டடங்களை வரிசையாகக் கூட்டுறவாக மாற்றத் தொடங்கினார்கள். மாற்றத்தை முன்னின்று நடத்துபவர் ‘ஸ்பான்சர்’ எனப்பட்டார். அவர் மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் தாக்கல் செய்யும் விற்பனைத் திட்ட நூலில் ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை பங்கு என்ற பட்டியல் இருக்கும். உயர்ந்த மாடிக்கும் தெருவைப் பார்த்த சன்னலுக்கும் பங்கு அதிகம். வீட்டின் மதிப்புக்கு நியாயமான விகிதத்தில் பங்கு இருக்க வேண்டும் என்பது வரிச் சட்டத்தின் நிபந்தனை. ஆனால் அந்த விகிதம் மாற்றம் நிகழ்ந்த ஆண்டோடு உறைந்துவிட்டது. பின்னாளில் பெரிய வீடுகளின் விலை சிறியவற்றைவிட வேகமாக ஏறிய கட்டடங்களில், ஸ்டூடியோ எனப்படும் ஒற்றை அறை வீடுகள் தம் விலைக்குப் பொருந்தாத மாதக் கட்டணத்தைச் சுமக்கின்றன.

1982இன் மாநிலச் சட்டப்படி, குடித்தனக்காரர் எவரையும் வெளியேற்றாத திட்டத்துக்கு, 2019 வரை, வீடுகளில் 15 விழுக்காடு விற்றாலே போதுமாக இருந்தது, கட்டடம் கூட்டுறவாகிவிட்டது. மீதி 85 விழுக்காடு வரை ஸ்பான்சர் கையில் விற்காத பங்குகளாக நிற்க முடிந்தது. அவற்றில் குடியிருப்போர் கட்டுப்படுத்தப்பட்ட வாடகை கொடுப்பார்கள்; ஸ்பான்சரோ முழுப் பராமரிப்புக் கட்டணத்தை நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். வாடகை கட்டணத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை மாதந்தோறும் கைநட்டம். விலை ஏறிக்கொண்டிருந்தவரை, காலியாகும் ஓரிரு வீட்டை விற்று அந்த நட்டத்தை அடைக்க முடிந்தது. 1986இன் வரிச் சீர்திருத்தம் முதலீட்டாளரின் சலுகைகளை வெட்டியது. 1987 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. வீடு விற்பது நின்றது. ஸ்பான்சர்கள் ஒவ்வொருவராகக் கட்டணத்தை நிறுத்தினார்கள். 1930களின் சங்கிலி மீண்டும் உருண்டது. இம்முறை சம்பளத்தில் கடன் வாங்கி முதல் வீடு வாங்கியவர்கள் அதில் சிக்கினார்கள்.

மிகக் கடுமையாக அடிபட்டவை ஸ்டூடியோக்கள். இளைஞர்களின் முதல் வீடாகவும் முதலீட்டாளரின் வாடகைப் பண்டமாகவும் 1980களில் அவை விலைபோயிருந்தன. 1990களின் தொடக்கத்தில் இரு வகையினரும் மறைந்தார்கள். குறிப்பிட்ட சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கும், பாதிக்கு மேல் உரிமையாளர் குடியிருக்காத கட்டடத்துக்கும் வங்கிகள் கடன் மறுத்தன. வாடகைக்கு விடலாம் என்றால் உள்வாடகைக்குக் குழுவின் தடை. சில கட்டடங்களில், மாதக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ள ஆள் கிடைத்தால் போதும் என்று அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். சிறு வீட்டின் மதிப்பைக் கணிப்பவர் இன்றும் உரிமையாளர் குடியிருக்கும் விகிதத்தையும், ஸ்பான்சரிடம் எஞ்சிய பங்குகளையும், உள்வாடகை விதியையும் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பது அந்த ஐந்தாறு ஆண்டுகளின் பாடம். அதே காலத்தில் பணத்தட்டுப்பாட்டில் இருந்த கட்டடங்கள், விற்பவரிடம் விலையில் ஒரு பங்கை வசூலிக்கும் ‘ஃபிளிப் டாக்ஸ்’ என்ற கைமாற்றுக் கட்டணத்தையும் பரப்பின. பங்குக்குப் பங்கு ஒரே அளவில் இல்லாமல் அதை விதிப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று 1985இல் நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி அதற்கு இடங்கொடுத்தது.

மதிப்பீட்டாளரின் கணக்கு எவ்வாறு ஓடுகிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். அடுத்தடுத்த தெருக்களில் இரண்டு ஸ்டூடியோக்கள் விற்பனைக்கு இருக்கின்றன; முதலாவதன் விலை 4,00,000 டாலர், மாதக் கட்டணம் 700; இரண்டாவதன் விலை 3,50,000, கட்டணம் 1,100. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டாவது 50,000 டாலர் லாபம். ஆனால் மாதம் 400 டாலர் கூடுதல் என்பது ஆண்டுக்கு 4,800. 6 விழுக்காடு வட்டியில் அது 80,000 டாலர் முதலுக்கு நிகர். எனவே இரண்டாவது வீடே 30,000 டாலர் விலை கூடியது. இனி அந்த 400 எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது கட்டடத்துக்கு 25,000 பங்குகளும் 50 லட்சம் டாலர் அடிநிலை அடமானமும் இருக்குமானால், பங்குக்கு 200 டாலர் கடன். ஸ்டூடியோவுக்கு 300 பங்கு என்றால் அதன் தலையில் 60,000 டாலர் கடன். அதற்கு 6 விழுக்காட்டில் ஆண்டு வட்டி 3,600, மாதம் 300. கூடுதல் 400இல் 300 இந்தக் கடனால் வருவது. எஞ்சிய 100தான் வாயிற்காவலர் சம்பளம், எரிபொருள் போன்ற நடப்புச் செலவின் வேறுபாடு. கடனின் முதலையும் விலையோடு கூட்டி, கட்டண வேறுபாட்டையும் முழுதாகக் கூட்டுபவர் ஒரே செலவை இருமுறை எண்ணுகிறார். தேர்ந்த தரகர்களிடமும் காணப்படும் பிழை இது. கட்டணத்தில் வரி கழிவு பெறும் பகுதி எத்தனை விழுக்காடு என்று விளம்பரங்கள் முன்பெல்லாம் பெருமையாக அச்சிட்டன. 2017இன் வரிச் சட்டத்துக்குப் பின், பொதுக் கழிவையே எடுத்துக்கொள்ளும் சிறு வீட்டுக்காரர்கள் பலருக்கு அந்த எண்ணால் பயன் இல்லை.

கட்டணம் மிகக் குறைவாக இருப்பதும் ஐயத்துக்குரியதே. கையிருப்பு நிதியைக் கரைத்துக்கொண்டு, கூரையையும் கொதிகலனையும் தள்ளிப்போட்டு, கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருக்கும் குழு அடுத்த தேர்தலில் வெல்லும். அதற்கு அடுத்த ஆண்டு ‘சிறப்பு வசூல்’ என்ற பெயரில் பங்குக்கு இத்தனை டாலர் என்று ஓலை வரும். நிறுவனத்தின் தணிக்கை செய்த ஆண்டறிக்கைகளையும் குழுக் கூட்டக் குறிப்பேட்டையும் வாங்குபவரின் வழக்கறிஞர் உட்கார்ந்து படிக்கும் வழக்கம் இதனால் வந்தது. லிஃப்ட் பழுது, கசிவு, நிலுவை வைத்திருக்கும் வீட்டார், தெருமுனைக் கடையின் குத்தகை முடியும் ஆண்டு எல்லாம் அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கும்.

ஒப்பீட்டு விலை என்ற அடிப்படையே நீண்டகாலம் இந்தச் சந்தையில் ஊனமாக இருந்தது. பங்கு விற்பனை நிலப் பத்திரப் பதிவு அல்லவாதலால், கூட்டுறவு வீடுகள் கைமாறிய விலை 2006 வரை பொதுப் பதிவேட்டில் வெளியாகவில்லை. தரகர்கள் ஒருவரையொருவர் தொலைபேசியில் கேட்டும், சில மதிப்பீட்டு நிறுவனங்கள் தம் கோப்புகளில் சேர்த்துவைத்தும்தான் அறிந்தார்கள். அளவுகோலும் சதுர அடி அன்று, அறை. சமையலறை ஓர் அறையாக எண்ணப்படும், குளியலறை எண்ணப்படாது, உணவு மேசைக்கான ஒதுக்கம் அரை அறை. ஒரு படுக்கையறை வீட்டில் அந்த ஒதுக்கத்தைச் சுவர் வைத்துத் தடுத்தால் ‘ஜூனியர் ஃபோர்’ என்று விலை கூட்டிச் சொல்வார்கள். பழைய கூட்டுறவுகளின் திட்ட நூல்களில் சதுர அடி பெரும்பாலும் இல்லாததால், இன்றைய விளம்பரங்களில் வரும் அளவை அப்படியே நம்ப வழியில்லை. 450 என்று அச்சிட்ட ஸ்டூடியோவை நாடா பிடித்து அளந்தால் குறைவதே வழக்கம். விலைப் பதிவு வெளிப்படையான பின் இன்னொரு பழக்கம் தலைதூக்கியது. குறைந்த விலை பதிவானால் கட்டடத்தின் மற்ற வீடுகளின் மதிப்பும் இறங்கும் என்று அஞ்சும் குழுக்கள், வாங்குபவரிடம் குறையில்லாதபோதும், விலை போதாது என்ற எண்ணத்திலேயே விற்பனையை மறுக்கின்றன. காரணம் சொல்லும் கடமை இல்லாததால் அது வெளியே தெரிவதில்லை. அத்தகைய கட்டடத்தில் பதிவான விலைகள் சந்தையைக் காட்டுவதைவிடக் குழுவின் விருப்பத்தைக் காட்டுகின்றன.

அண்மைக்காலச் செலவுகளில் இரண்டு சிறு வீட்டுக்காரரையும் விடாமல் பிடிக்கின்றன. 1979இல் மேல் பிராட்வேயில் கட்டட முகப்பிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு ஒரு கல்லூரி மாணவியைக் கொன்ற பின், 1980இன் நகராட்சிச் சட்டமும் அதைக் கடுமையாக்கிய 1998இன் சட்டமும், ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்ந்து பழுதுபார்க்கக் கட்டாயப்படுத்தின. நடைபாதையின் மேல் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பச்சைப் பலகைக் கொட்டகைகள் அதன் விளைவு. 2019இன் 97ஆம் எண் நகராட்சிச் சட்டம் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களின் கரியமில வாயு வெளியேற்றத்துக்கு வரம்பிட்டது. 2024 முதல் வரம்பை மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுக்கு 268 டாலர் அபராதம். எண்ணெய்க் கொதிகலனில் ஓடும் பழைய செங்கல் கட்டடங்கள் பல முதல் கட்ட வரம்புக்குள் தப்பினாலும், அந்த வரம்பு 2030இல் வெகுவாக இறுகுகிறது. அந்தச் செலவும் பங்கின் எண்ணிக்கைப்படியே பிரிக்கப்படும்.